தேயிலை மட்டம்

ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்கு ஏறிச் செல்லும் புகையிரதத்தில் பிரயாணஞ் செய்தவர்கள், இருமருங்கிலும் மலைச்சரிவை மூடிக் கிடக்கும் தேயிலையைக் கண்டு, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கின்றது என வியந்திருப்பர். அவ்வுவமை மிகவும் பழகிப் போனதே எனினும் அதனுள் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. கம்பளம் தானாக முளைப்பதில்லை. அதனை ஒருவர் நெய்தல் வேண்டும். தேயிலைச் சரிவின் சமதளமும் அத்தகையதே. மனிதர் கை வைக்காது விட்டால் தேயிலை ஒரு மரம். விதைக்கென விடப்பட்ட தேயிலை மரங்கள் முப்பதடி உயரத்துக்கும் வளரும். அம்மரத்தை இடுப்பளவில் நிறுத்தி, தலையைத் தட்டையாக்கி, ஆண்டுக்கணக்காக அந்நிலையிலேயே வைத்திருப்பது கத்தியும் விரல்களும் செய்யும் வேலையாகும். செடிகளின் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அமையும் அந்தத் தட்டையான மேற்பரப்பைத் தோட்டத்தார் மட்டம் என்று வழங்குவர்.

அம்மட்டம் எவ்வளவு உயரத்தில் இருத்தல் வேண்டும்? அதற்கு மேலே எவ்வளவைக் கொய்யலாம்? கீழே எவ்வளவை விட்டுவைத்தல் வேண்டும்? கேட்பதற்கு இவை சிறு கேள்விகளாகத் தோன்றும். ஆயினும் ஒரு தோட்டத்தின் வாழ்வும், அத்தோட்டத்தை நம்பியிருக்கும் குடும்பங்களின் வாழ்வும் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையிலேயே தங்கியிருக்கின்றன.

வயற்புறத்து நேயர்களுக்கு இதனை நெல்லோடு ஒப்பிட்டுக் கூறினால் எளிதில் விளங்கும். மட்டக்களப்பு, அம்பாறை, கிளிநொச்சி வயல்களில் இக்காலத்தில் நெல்லை அறுப்பது பெரும்பாலும் இயந்திரமே. அதன் முன்புறத்தில் நீண்ட கத்தி ஒன்று உண்டு. அதனை ஏற்றவும் இறக்கவும் ஓட்டுநரால் இயலும். கத்தியை மிகத் தாழ்த்தினால் வைக்கோல் அளவுக்கு மீறி உள்ளே சென்று இயந்திரம் திணறும். மண்ணும் கல்லும் பட்டுக் கத்தி மழுங்கும். மிக உயர்த்தினால் சாய்ந்த கதிர்கள் வயலிலேயே தங்கிவிடும். எனவே நல்ல ஓட்டுநர் கதிரின் நிலையை நோக்கிக் கத்தியின் உயரத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே செல்வார். அவர் பிழை செய்தாலும் அப்பிழை அந்தப் போகத்தோடு முடிந்துவிடும். நெற்பயிர் அறுவடையோடு தன் வாழ்வை முடித்துக்கொள்வது. அடுத்த போகத்துக்கு வேறு விதை, வேறு நாற்று.

தேயிலையோ, ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை அறுவடைக்கு உட்பட்டும் உயிரோடு நின்று மறுபடியும் துளிர்க்க வேண்டிய செடி. அதன் ஆயுள் ஐம்பது ஆண்டு. நூறு ஆண்டையும் கடந்து நிற்கும் செடிகள் மலைநாட்டிற் பல உள. இத்தகைய செடியில் வெட்டின் உயரம் தவறினால், அத்தவறு அடுத்த மாதத்திலும் அடுத்த ஆண்டிலும் தொடர்ந்து வந்து கணக்குக் கேட்கும்.

ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். இரண்டு ஆண்டு கழித்து, 1869இல், கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்து காடு வெட்டி மலையைத் திருத்திய மக்களின் கைகளே தேயிலையின் மட்டத்தையும் உருவாக்கின. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பெற்றுப் பின்னர் தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டபொழுது, கத்தியின் உயரம் பற்றிய கேள்வியும் அனுபவ அறிவோடு நில்லாது ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

தேயிலைச் செடிக்கு நேரும் வெட்டுகள் மூன்று வகைப்படும். அவற்றுட் பெரியது கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் மேற்பகுதி முழுவதையும் கத்தியால் வெட்டி நீக்குவது அது. தாழ்நாட்டில் செடி விரைந்து வளர்வதாற் கவ்வாத்தும் விரைவில் வரும். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியா, டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளில் குளிரினால் வளர்ச்சி மெதுவாக நடைபெறுவதால், ஒரு கவ்வாத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு, ஐந்து ஆண்டுகள் செல்வதுண்டு. வெட்டு பொதுவாக நிலத்திலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டடி உயரத்தில் அமையும். ஒவ்வொரு கவ்வாத்திலும் முந்திய வெட்டுக்குச் சற்று மேலே வெட்டுவர். புதிய மரப்பகுதியிலிருந்து புதிய தளிர்கள் எழும்பொருட்டே அவ்வாறு செய்வது. இப்படிப் பல கவ்வாத்துகள் கழிந்தபின் செடி கைக்கெட்டாத உயரத்தை அடையுமாயின், ஒருமுறை மிகத் தாழ வெட்டி மீண்டும் தொடங்குவர். வெட்டு சாய்வாகவும் பிளவின்றியும் இருத்தல் வேண்டும். பிளந்த வெட்டில் மழைநீர் தங்கினால் தண்டு உளுத்துப் போகும்.

எல்லா இலைகளையும் இழந்து குச்சியாய் நிற்கும் செடி எதனை உண்டு உயிர் வாழ்கின்றது என்று கேட்கலாம். வேரில் சேமித்து வைத்த மாப்பொருளே அதற்கு அக்காலத்து உணவு. கவ்வாத்துக்கு முன்னர் வேரிற் சிறு துண்டை வெட்டி அயடீன் கரைசலை இட்டுப் பார்ப்பதுண்டு. நிறைய மாப்பொருள் இருக்குமாயின் வெட்டுவாய் கருநீலமாக மாறும். நிறம் மாறாது வெளுத்திருந்தால் அச்செடி வெட்டைத் தாங்காது. குளிர்ந்த மேல்நாட்டிற் செடி வேரில் மிகுதியாகச் சேமிக்கும். ஆகவே அங்கே முழுக் கவ்வாத்தையும் தாங்கி எழும். வெப்பம் மிகுந்த தாழ்நாட்டிற் சேமிப்புக் குறைவு. ஆகவே இலையோடு கூடிய ஓரிரு கிளைகளை வெட்டாமல் விட்டுவைப்பர். மூச்சு விடுவதற்கு விட்டுவைத்தது போன்ற அக்கிளை, ஏனைய கிளைகள் துளிர்த்து இலை பிடிக்கும்வரை செடிக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும்.

சேமிப்பில்லாத செடியை ஒருவர் காலமறியாது வெட்டிவிட்டால் என்ன நேரும்? சில கிளைகள் துளிர்க்கும். சில காய்ந்து போகும். தை, மாசி மாதங்களின் வெயில், நிழலிழந்த பட்டையைச் சுட்டு வெடிக்கச் செய்யும். நுவரெலியாப் பக்கத்தில் அதே மாதங்களில் உறைபனியும் விழுவதுண்டு. ஆதலாற்றான் காலம் பார்த்து வெட்டுவதும், வெட்டிய தழையைச் செடியின்மேல் பரப்பி வெயிலை மறைப்பதும் வழக்கமாயின. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்த பின்னர் இன்னோர் எச்சரிக்கையும் சேர்ந்தது. இளந்தளிரையே தாக்கும் அந்நோய், கவ்வாத்திலிருந்து எழும் செடிகளுக்குப் பெரும் பகையாக விளங்கியது. செப்பு மருந்து தெளித்துக் காவாவிடின் வெட்டிய மலை முழுவதும் கருகி நிற்கும்.

கவ்வாத்து முடிந்து துளிர்கள் எழுந்தபின் வருவது இரண்டாம் வெட்டு. ஓங்கி எழும் தளிர்களின் நுனியை, கவ்வாத்து வெட்டுக்கு மேலே ஒரு குறித்த உயரத்திற் கிள்ளி நிறுத்துவது அது. அவ்வுயரம் இடத்துக்கும் செடியின் இனத்துக்கும் ஏற்ப மாறும். மட்டம் பிறப்பது இந்த வெட்டிலேதான். ஒரு குச்சியை நிலத்தில் ஊன்றி, அதன்மேற் குறுக்குக் கம்பு ஒன்றை வைத்து, அதற்கு மேலே நீட்டியவற்றை மாத்திரமே நீக்குவர். பதறிப்போய்த் தாழக் கிள்ளிவிட்டால், செடியைப் போஷிக்க வேண்டிய இலைப்படை மெலிந்து போகும். பின்னர் நான்கு ஆண்டுகளுக்கு அச்செடி தன் கடனைத் தீர்த்துக்கொண்டே இருக்கும்.

இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். மட்டம் என்ற சொல் தண்ணீர் நிற்கும் தளத்தை நினைவூட்டும். ஆயினும் சரிவில் நிற்கும் தேயிலைக்கு அத்தகைய தளம் பொருந்தாது. மலை எந்தச் சாய்வில் இறங்குகின்றதோ அந்தச் சாய்வையே மட்டமும் பின்பற்ற வேண்டும். அவ்வாறின்றி நீர்மட்டமாக வெட்டினால், செடியின் மேற்பக்கத்துக் கிளைகள் நிலத்தோடு ஒட்ட வெட்டுண்ணும். கீழ்ப்பக்கத்துக் கிளைகள் நெஞ்சுயரம் வளர்ந்து நிற்கும். புதிதாகக் கத்தி பிடிக்கும் இளைஞனுக்கு மூத்தவர்கள் முதலிற் கற்பிக்கும் பாடங்களுள் இது ஒன்று.

மூன்றாவது வெட்டே கொழுந்து பறித்தல். இதனை வெட்டு என்று எவரும் சொல்வதில்லை. எனினும் உண்மையில் ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை நிகழும் மெல்லிய கவ்வாத்தே அது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது யாவரும் அறிந்த சூத்திரம். அவ்விரண்டு இலைக்குக் கீழே எங்கு ஒடிப்பது என்பதே பறிப்பவரின் கலை. தளிரின் அடியில் முதலில் தோன்றும் சிறிய, பல் இல்லாத இலையை மீனிலை என்பர். அதற்குமேல் ஒடித்தால் மட்டம் பெரிதும் உயராது. மீனிலைக்கு மேலே உள்ள முழு இலை ஒன்றையும் விட்டு ஒடித்தால், செடியில் ஓர் இலை கூடும். மட்டமும் அவ்வளவுக்கு உயரும். கவ்வாத்துக்குப் பின் வரும் முதற் காலத்தில் இலையை விட்டு ஒடிப்பதும், செடி நன்கு இலை பிடித்த பின் மீனிலை வரை ஒடிப்பதும் தேர்ந்த முறையாகும்.

இன்னும் இரண்டு இலை விரிக்காத இளந்தளிருக்கு அரும்பு என்று பெயர். ஆங்கிலேயத் துரைமாரும் தங்கள் மொழியில் வேறு சொல் தேடாது இத்தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். இன்றைய அரும்பு அடுத்த முறையின் கொழுந்து. அதனைத் தொடாமல் விடுவது, கண்ணுக்கும் விரலுக்கும் ஒரே கணத்தில் விளங்கும் அறிவு. கொழுந்துக் கூடையைத் தலையிலிட்டு, இடுப்பிற் படங்கு சுற்றி, காலை மூடுபனியில் நிரை பிடித்து நிற்கும் பெண், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தளிர்களை இவ்வாறு தெரிந்தெடுக்கின்றாள். எதனை எடுப்பது, எதனை விடுவது என்று அவள் நின்று யோசிப்பதில்லை. அவளுக்கு உதவியாக நீண்ட மெல்லிய கம்பு ஒன்று உண்டு. அதனை மட்டத்தின்மேல் கிடத்தி, கம்புக்கு மேலே நீட்டி நிற்பதைப் பறிப்பதும், கீழே உள்ளதைத் தொடாது விடுவதும் பழைய ஒழுங்கு. "மட்டம் பாத்து எடுங்கம்மா, பள்ளம் விழாம எடுங்க" என்று கங்காணி நிரையின் பின்னின்று குரல் கொடுப்பது மலைகளிற் பழகிய ஓசை.

ஒரு விரற்கடை தாழப் பறித்தால் என்ன என்று கேட்கலாம். மட்டத்துக்குக் கீழே உள்ள ஒருசாணளவான இலைப்படையே செடியின் சமையலறை. வெயிலை வாங்கி உணவாக்கி, தளிருக்கும் வேருக்கும் பகிர்ந்து கொடுப்பது அதுவே. அதில் உள்ள இலைகள் முதிர்ந்து உதிர்ந்துகொண்டேயிருக்கும். இடையிடையே புதிய இலைகள் சேர்ந்தாலன்றி அப்படை மெலியும். மேலும், உறங்கும் மொட்டிலிருந்து பறிக்கத்தக்க கொழுந்து எழுவதற்கு மேல்நாட்டுக் குளிரிற் பல வாரங்கள் செல்லும். அரும்புகளைச் சேர்த்து வாரிய இடத்தில், அடுத்த இரண்டு மூன்று முறைக்குக் கூடை நிறையாது. இன்றைக்குக் கிடைத்த ஒரு கிலோ, வரவிருக்கும் பல கிலோக்களை முன்கூட்டியே எடுத்துண்டதாக முடியும்.

இவ்வளவு காலமும் இக்கணக்கை விரல்களே பார்த்து வந்தன. இப்பொழுது நிலை மாறி வருகின்றது. தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் கொழும்புக்கும் வேறு நகரங்களுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அதனை எவரும் குறை கூறுதல் தகாது. பிள்ளை படித்து வேறு வாழ்வு காண வேண்டும் என்பதே லயத்து அறையில் வாழும் தாயின் கனவு. அதனாற் கொழுந்து பறிப்போர் தொகை குறைகின்றது. ஆள் குறைந்த மலையில் பறிக்கும் முறை பிந்துகின்றது. கொழுந்து முற்றிப் போகின்றது. ஆகவே கத்தரியும் இயந்திரமும் மலைக்கு ஏறி வருகின்றன.

உலகிற்கு இது புதியதன்று. யப்பானியர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பை கட்டிய கத்தரியாற் கொழுந்து வெட்டத் தொடங்கினர். பின்னர் இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரமும், ஒருவர் அமர்ந்து ஓட்டும் இயந்திரமும் அங்கே வழக்கில் வந்தன. 1960களில் சோவியத் ஜோர்ஜியாவில், முற்றிய தண்டை விட்டு இளந்தளிரை மாத்திரம் ஒடிக்கும் நோக்கத்தோடு 'சக்கார்த்வெலோ' என்ற இயந்திரம் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவில் நீலகிரியிலும் வால்பாறையிலும் கத்தரி பரவியது. இலங்கையில் இன்று கைக்கத்தரியும், ஒருவர் கையிற் பிடித்து இயக்கும் மின்கல இயந்திரமும், இருவர் தூக்கும் பெற்றோல் இயந்திரமும் மலைகளிற் காணப்படுகின்றன.

இவ்வியந்திரங்கள் யாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கத்திக்குக் கண் இல்லை. அரும்பு எது, கொழுந்து எது என்று அதற்குத் தெரியாது. தான் செல்லும் உயரத்துக்கு மேலே நிற்பவை யாவற்றையும் அது வெட்டும். பெண்ணின் விரல் ஒவ்வொரு தளிரிலும் செய்த தீர்ப்பை இயந்திரம் ஒரே ஒரு தீர்ப்பாகச் சுருக்கிவிடுகின்றது. அத்தீர்ப்பே கத்தியின் உயரம். ஆதலின் உயரத்தை நிர்ணயிப்பவர் யாவர், எவ்வாறு நிர்ணயிக்கின்றார் என்பவை முன்னெப்போதையும் விட இன்று முக்கியமாகின்றன.

இதற்கு உதவியாகக் கத்தரியின் அடியிற் சிறு படி ஒன்றைப் பொருத்துவதுண்டு. அப்படி மட்டத்தின்மேல் வழுக்கிச் செல்லும். கத்தி அதற்குச் சற்று மேலே செல்லும். அதனால் தாழ்ந்து நிற்கும் அரும்புகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஒவ்வொரு முறையும் முந்திய வெட்டின்மேல் சிறிதளவு உயர்த்தி வெட்டுதல் வேண்டும். அந்த உயர்வு ஒரு நெல்லளவு முதல் ஒரு விரற்கடைக்குள் அடங்கும். முற்றும் உயர்த்தாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டினால், தளிர்கள் எண்ணிக்கையிற் பெருகி அளவிற் சிறுத்துப் போகும். புதிய இலை சேராமல் இலைப்படை மெலியும். அளவுக்கு மீறி உயர்த்தினாலோ விளைச்சல் செடியிலேயே தங்கும். மட்டமும் விரைவில் நெஞ்சுக்கு ஏறிக் கவ்வாத்தை முன்கூட்டியே அழைக்கும்.

யப்பானிய வயலில் இவ்வளவைக் காப்பது எளிது. அங்கே செடிகள் வேலிபோல் வரிசையாக நிற்கின்றன. இயந்திரம் அவ்வரிசைக்கு ஏற்ற வளைவோடு அமைந்திருக்கின்றது. ஹற்றன் மலைச்சரிவிலோ, ஒரு செடி பாறையின்மேல் நிற்கும். அடுத்த செடி கானின் ஓரத்தில் நிற்கும். நூறாண்டுக்கு முன் விதையிலிருந்து முளைத்த செடிகள் ஒன்றுக்கொன்று உருவிலும் துளிர்க்கும் வேகத்திலும் வேறானவை. இருவர் தூக்கும் இயந்திரமாயின், மேற்புறம் நிற்பவரின் கையும் கீழ்ப்புறம் நிற்பவரின் கையும் சரிவுக்கு ஏற்ப ஒத்து நடக்க வேண்டும். மழையில் கால் வழுக்கி, முதுகிலும் தோளிலும் நோவு ஏறிய பிற்பகல் நேரத்தில், கீழ்ப்புறத்துக் கை தன்னை அறியாமல் தாழ்ந்துவிடும். அங்கேதான் மட்டத்திற் பள்ளம் விழுகின்றது.

பள்ளத்தின் விலையைத் தொழிற்சாலையும் கொடுக்கின்றது. நூறு கிலோ பசுங்கொழுந்து ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோ தேயிலைத்தூளாகும். எஞ்சியது பெரும்பாலும் நீராக வாடி ஆவியாகிப் போவது. தாழ வெட்டிய கொழுந்தோடு முற்றிய இலையும் நாரேறிய தண்டும் கத்தி பட்டுக் கிழிந்த துண்டும் வரும். கிழிந்த இலை வாட்டத் தட்டுக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். தண்டு அரைபடாது நாராக மிஞ்சும். மேல்நாட்டுத் தேயிலைக்கு விலை தருவது அதன் நறுமணமும் நிறமுமே ஆகையால், நிறுவையிற் கிடைத்த இலாபம் ஏலத்தில் இழந்த விலையால் அழிந்துவிடும்.

அப்படியாயின் கத்தி ஏன் தாழ்கின்றது? அறியாமை ஒரு காரணம். முழுக் காரணம் அதுவன்று. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பர். பேர் விழுவதற்கு இத்தனை கிலோ என ஓர் அளவு உண்டு. அது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். அளவு குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நெடுங்காலம் போராடிப் பெற்ற உயர்வு அது. ஆனால் சம்பளம் உயர்ந்தபொழுது பல தோட்டங்களிற் கிலோவின் அளவைப் பற்றிய பிணக்கும் உடன் வளர்ந்தது. மழையில் நனைந்த கொழுந்தென்றும் கூடையின் எடையென்றும் நிறுவையிற் கழிப்பது குறித்த மனவருத்தம் பழையது. தராசின் முன் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இன்னும் இரண்டு கிலோ குறைகின்றதென்றால், பிள்ளையின் பால்மாவும் பாடசாலைக் கொப்பியும் அவ்விரண்டு கிலோவிலே தொங்குகின்றன. அந்நிலையில் விரல் ஓரங்குலம் தாழ்வது இயற்கை. கத்தியும் அவ்வாறே. கிலோவை மாத்திரம் எண்ணிக் கூலி கொடுக்கும் இடத்தில், மட்டத்தைக் காக்கும் பொறுப்பைத் தொழிலாளியின்மேற் சுமத்துவது நியாயமாகாது.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அத்தடை தளர்த்தப்பட்டது. எனினும் உரமின்றி நின்ற செடிகள் உடனே தேறவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவளவுக்குக் குறைந்தது. மெலிந்த செடியில் தாழ வெட்டுவது, பசித்திருப்பவனின் கைமுதலைப் பறிப்பதற்கு ஒப்பாகும். வேரில் மாப்பொருள் இல்லாத செடிக்குக் கத்தியின் கூர்மை உதவாது. விட்டுவைத்த இலையே உதவும்.

ஆகவே இயந்திரம் வேண்டுவோர் அதனை வாங்கும் நாளிலிருந்து தொடங்குதல் போதாது. கவ்வாத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். வெட்டு சரிவுக்கு இணையாகவும் ஒரே அளவிலும் அமைந்த மலையிலேதான் கத்தி ஒரே அளவிற் செல்ல முடியும். செடி இறந்து வெறுமையான இடங்களில் புதுக்கன்று நட்டு மட்டத்தைத் தொடர்ச்சியாக்குதல் வேண்டும். தளிர்நுனி கிள்ளும் வெட்டும், அதன்பின் வரும் சில முறைகளும் கையினாலே நடைபெற்று, இலைப்படை நன்கு தடித்த பின்னரே கத்தரி வருதல் நன்று. கொழுந்து பெருகும் பருவத்திற் கத்தரியையும், மெலிந்த பருவத்தில் விரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் செடி இளைப்பாற இடம் கிடைக்கும். கத்தியை நாள்தோறும் தீட்டுவதும், மழுங்கியதை மலைக்கு அனுப்பாதிருப்பதும் அவசியம். முறை பிந்தாமல் வருதல் இவை எல்லாவற்றிலும் தலையானது. பிந்தி வந்த மலையிற் கொழுந்து ஓங்கிப் போயிருக்கும். ஓங்கியதை மீண்டும் மட்டத்துக்குக் கொண்டுவர முயலும் கத்தி தாழாதிருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. உயரத்தை அறிந்தவர் யாவர் என்று தேடினால், அவர் தூரத்தில் இல்லை. முப்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண், ஒரு செடியின் தலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவியதும், இது தாழ எடுத்த செடி, இது இளைத்த செடி, இதற்கு இன்னும் ஓர் இலை விட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். இயந்திரம் வரும்பொழுது அதனைப் பிடிக்க ஆடவரை நிறுத்தி, அப்பெண்ணைப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டால், இயந்திரத்துக்கு வேண்டிய கண்ணையே மலையைவிட்டு அனுப்பியதாகும். கத்தியைப் பிடிப்பவர் எவராயினும், முன்னே சென்று மட்டம் பார்த்து, எந்தச் செடியில் உயர்த்துவது, எந்தச் செடியை இம்முறை தொடாது விடுவது என்று சொல்லும் இடம் அவளுக்கு உரியது. அவ்வேலைக்கும் ஒரு பேர் விழுதல் வேண்டும். தராசில் ஏறாத அந்த வேலையே, அடுத்த ஆண்டில் தராசில் ஏறும் கொழுந்துக்கு முதலாகும்.

கவ்வாத்து வெட்டிய மலை ஒன்றைப் புகையிரதச் சாளரத்தினூடே காண நேருமாயின், அது கம்பளத்தில் விழுந்த கிழிசல்போலத் தோன்றும். பழுப்பு நிறக் குச்சிகள், உலர்ந்த தழை, இடையே கருங்கற்கள். மூன்று மாதங்கழித்து அவ்வழியே திரும்பி வருபவர், அக்குச்சிகளின் நுனியில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் தளிர் எழுந்திருப்பதைக் காண்பர். அச்செடிகளின் வரிசையில் ஒருவர் குனிந்து, ஊன்றிய குச்சியின்மேற் குறுக்குக் கம்பை வைத்து, இன்னும் சற்று வளரட்டும் என்று கையை எடுத்துக்கொண்டு அப்பாற் செல்வார். அடுத்த நான்கு ஆண்டுக் கொழுந்து, அவர் வெட்டாமல் விட்ட அந்த அளவிலேதான் இருக்கின்றது.